பைக்குள் சத்தம் போட்ட தட்டு

எங்கள் வகுப்பில் யார் சத்துணவு சாப்பிடுகிறவர், யார் வீட்டுச் சோறு கொண்டுவருகிறவர் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காது போதும். பை தோளில் குலுங்க ஓடும்போது அலுமினியத் தட்டு சிலேட்டில் மோதிச் சத்தம் போடும். டிபன் பாக்ஸ் சத்தம் போடாது. அதற்குள் சோறு நிறைந்திருக்கும். ஆறாம் வகுப்பு வந்தபோது தட்டை இரண்டு நோட்டுகளுக்கு நடுவே செருகி, சுற்றிலும் பழைய துணியைத் திணித்து, சத்தமில்லாமல் கொண்டுபோகக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வயதில் எல்லாரும் தானாகவே கற்றுக்கொண்ட வித்தை அது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த ஒருவரிடம், மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் அவருடைய வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மஞ்சள் உப்புமா என்றால் அறுபதைத் தாண்டியவர். சோறும் தண்ணிச் சாம்பாரும் மட்டும் என்றால் என் வயதுக்காரர், நாற்பதின் கடைசி. முட்டை எந்தக் கிழமை வரும் என்று சொல்லத் தெரிந்தவர் எனக்கு இளையவர். வெஜிடபிள் பிரியாணி என்று சொல்கிற பிள்ளை இப்போது கல்லூரியில் இருக்கும். நாக்கு நினைவில் வைத்திருக்கும் இந்த ருசிகளை எந்தத் தாயும் தன் கைப்பக்குவத்தால் உண்டாக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அரசாணை இருக்கிறது, சில சமயம் ஒரு கப்பல் இருக்கிறது.

அந்தக் கப்பலிலிருந்தே தொடங்கலாம்.

கைகுலுக்கும் படம் போட்ட சாக்கு

என் அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் 1960களின் நடுவில் பள்ளிக்கூடம் போனவர். கோதுமை ரவை உப்புமாவை இன்றுவரை வாயில் வைக்கமாட்டார். சர்க்கரை நோய் வந்து, டாக்டர் கோதுமை சாப்பிடச் சொன்ன பிறகும் மாட்டார். “எய்யா, அது அமெரிக்காக்காரன் மாட்டுக்குப் போடுறத நமக்குப் போட்டது” என்பார். மாட்டுக்குப் போட்டது என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் உலவிய வதந்தி. அமெரிக்காக்காரன் போட்டது என்பது உண்மை.

அமெரிக்காவில் விளைச்சல் மிஞ்சிப் போய்க் கிடங்குகள் நிறைந்திருந்த 1954இல், உபரி தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டம் ஒன்று அங்கே வந்தது. பி.எல். 480 என்று நம் அரசியல் மேடைகளில் அடிபட்ட பெயர் அதுதான். இந்தியாவுக்கு அந்தக் கோதுமை எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு: மழை பொய்த்த 1966இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் ரேஷன் கடைக்குத் தானியம் என்ற நிலை.

அந்த உபரியில் ஒரு பகுதி ‘கேர்’ என்ற தொண்டு நிறுவனம் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், பசியிலிருந்த ஐரோப்பியர்களுக்கு உணவுப் பொட்டலம் அனுப்பத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. 1961 முதல் சென்னை மாகாணப் பள்ளிகளுக்குப் பால் பவுடரும் சமையல் எண்ணெயும் தானியமும் கொடுத்தது. கோதுமை அப்படியே முழுசாக வரவில்லை. அவித்து, உலர்த்தி, உடைத்த ரவையாக வந்தது. கப்பலில் கெடாது, சீக்கிரம் வேகும் என்பது அதன் வசதி. நம் வாய்க்கு அது ரப்பர் மாதிரி இருந்தது. மஞ்சள் நிறம் மக்காச்சோளத்துடையது. சோளமாவோடு சோயாவும் பால் பவுடரும் கலந்த சத்துமாவு 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவில் இதற்கென்றே உருவாக்கப்பட்டது. ஊட்டச்சத்துக் கணக்குப்படி அருமையான மாவு. ஆனால் கம்பும் சோளமும் தின்று வளர்ந்த கரிசல் பிள்ளைக்கு அதன் வாசம் பிடிபடவில்லை.

சாக்கிலும் எண்ணெய் டின்னிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அம்மாவுக்கு அப்போது ஆங்கில எழுத்துத் தெரியாது. அந்தப் படம் மட்டும் ஞாபகம். காலி டின்கள் ஊருக்குள் வந்து தண்ணீர் மொள்ளவும் அரிசி போட்டு வைக்கவும் ஆயின. எங்கள் வீட்டுப் புறக்கடையில் அப்படியொரு டின் நான் வளர்ந்த பிறகும் கிடந்தது. குலுக்கும் கைகள் துருப்பிடித்து ஒரே கையாகத் தெரிந்தன.

பால் பவுடர் வேறு கதை. கரைத்துக் கொடுத்த பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர்கள், பவுடரை மட்டும் திருட்டுத்தனமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கரையும். உப்புமாவைச் சபிக்கிற அம்மா, பால் பவுடரைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரிப்பார்.

அணாவில் தொடங்கிய கணக்கு

‘கேர்’ வருவதற்கு முன்பே இங்கே பள்ளிச் சாப்பாடு இருந்தது. பலர் நினைப்பதைவிட அது பழையது.

நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. பிறகு அது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23இல் படித்தவர்கள் 811 பேர். 1924-25இல் 1,671 பேர். சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பதற்கு இந்த ஊரில் கிடைத்த முதல் எண் சான்று அது. வந்த கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டிய பிரிட்டிஷ் அரசு, ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து தின்பண்டத்துக்குச் செலவு செய்யக்கூடாது என்று கையை விரித்தது. 1925இல் திட்டம் நின்றது. 1927இல் மீண்டும் வந்தது. கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறது.

காமராசர் கதை எல்லாருக்கும் தெரியும். ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டாராம். சோறு நீங்கள் போடுவீர்களா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். எந்த ஊரில் நடந்தது என்பது சொல்கிறவருக்குத் தகுந்தபடி மாறும். எங்கள் பக்கம் அந்தச் சிறுவனைக் கரிசல்காட்டுப் பையனாகவே ஆக்கிவிட்டார்கள். கதை எப்படியோ, நடந்தது இதுதான்: பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டு மதிய உணவை நடத்தலாம் என்ற யோசனையை முன்னெடுத்தார். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கி வைத்தார். செலவில் அறுபது பங்கு அரசு, நாற்பது பங்கு ஊர். ஊரார் தானியமாகக் கொடுத்தார்கள், விறகாகக் கொடுத்தார்கள், சில இடங்களில் கல்யாண வீட்டுச் சாப்பாடாகவும் கொடுத்தார்கள்.

இந்த நாற்பது பங்கில்தான் சிக்கல். ஊர் விளைந்தால் பள்ளியில் அடுப்பு எரியும். ஊர் காய்ந்தால் பள்ளியும் காயும். எந்த ஆண்டில் பிள்ளைகளுக்குப் பசி அதிகமோ அந்த ஆண்டில் ஊராரின் கையும் காலியாக இருக்கும். ‘கேர்’ உணவு அந்த ஓட்டையைத்தான் அடைத்தது. அம்மாவின் மஞ்சள் உப்புமாவைக் கிண்டல் செய்யும்போது இதையும் நினைத்துக்கொள்வேன்: அது வராமலிருந்தால் அந்த இடத்தில் வேறு நல்ல சோறு இருந்திருக்காது. ஒன்றுமே இருந்திருக்காது.

மணி அடித்தால் சோறு

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1982 ஜூன். ஒரே மாதத்தில், ஜூலை முதல் தேதி, திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்தார். தன் சிறுவயதுப் பசியை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். முதலில் கிராமப்புறத்தில் பால்வாடிக் குழந்தைகளுக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும், செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரைக்கும். ஒரேயடியாக ஏறத்தாழ 60 லட்சம் பிள்ளைகள். இவ்வளவு பேருக்கு அன்றாடம் சமைத்துப் போட முடியாது, கஜானா காலியாகும் என்று படித்தவர்கள் பலர் எழுதினார்கள்.

எங்கள் பள்ளியில் முதல் நாள் நடந்தது சமையலை வேடிக்கை பார்த்தது மட்டுமே. பள்ளிக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை, மூன்று கல் அடுப்பு, ஊர்க் கோயிலிலிருந்து இரவல் வாங்கிய அண்டா. அன்று பாடமே நடக்கவில்லை. சோறு வடித்தபோது வந்த ஆவியின் வாசனைக்கு மூன்றாம் வகுப்புக்காரர்கள்கூட ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள். உப்புமா காலத்துக்கும் இதற்கும் முதல் வித்தியாசமே அதுதான்: அரிசிச் சோறு. கரிசல் காட்டில் நெல்லுச்சோறு என்பது அப்போதும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ள பலகாரத்தை ஒட்டிய மரியாதையோடு இருந்தது. வீட்டில் கம்பங்கூழ் குடித்துவிட்டு வந்த பிள்ளைக்கு மத்தியானம் வெள்ளைச் சோறு. அரசியல் என்றால் என்னவென்று தெரியாத வயதிலேயே எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரு கட்சி இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

தொடக்க காலத்தில் விடுமுறை நாளிலும் சோறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்குத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். பை கிடையாது, பாடம் கிடையாது. பள்ளிக்கூடத்தை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்த நாட்கள் வேறு இல்லை. பல்பொடிகூட இலவசமாகக் கொடுத்தார்கள். அதையும் தின்றோம். 1983 முதல் முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிகளும் வரிசையில் வந்து நின்றார்கள். பேரன் முன்னால், பாட்டி பின்னால் என்று ஒரே அண்டாவிலிருந்து சோறு வாங்கிய குடும்பங்கள் எங்கள் ஊரில் இருந்தன.

இனி அந்தத் தண்ணிச் சாம்பார். என் வயதுக்காரர்கள் கூடிப் பேசினால் இந்தச் சாம்பாரைப் பழிக்காமல் பேச்சு முடியாது. பருப்பைத் திருடிவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். திருட்டு நடந்த இடங்களும் இருந்தன. ஆனால் ஒரு பருப்புகூடத் திருடாமல் சமைத்தாலும் அது தண்ணிச் சாம்பாராகத்தான் இருந்திருக்கும் என்பது பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 15 கிராம். வீட்டில் ஐந்து பேருக்குச் சாம்பார் வைக்க அம்மா ஓர் ஆழாக்குப் பருப்பு போடுவார். தலைக்கு இருபத்தைந்து கிராமுக்குக் குறையாது. பள்ளியில் 120 பிள்ளைகளுக்கு 1,800 கிராம் பருப்பை வைத்துக்கொண்டு அத்தனை சோறும் நனையும்படி ஊற்ற வேண்டும். மீதியைத் தண்ணீர்தான் செய்ய முடியும்.

அரிசியும் பருப்பும் எண்ணெயும் பொருளாக வரும். காய்கறி, புளி, மிளகாய், விறகு இவற்றுக்குத் தலைக்கு இத்தனை பைசா என்று பணமாக வரும். தக்காளி விலை ஏறும், பைசா ஏறாது. அதனால்தான் எங்கள் சாம்பாரில் எந்த மாதம் எந்தக் காய் கோவில்பட்டிச் சந்தையில் சீப்பட்டுக் கிடந்ததோ அந்தக் காய் மட்டும் மிதக்கும். ஒரு மாதம் முழுக்கப் பூசணி. இன்னொரு மாதம் முழுக்கச் சுரைக்காய். விறகுப் பணம் போதாதபோது பிள்ளைகளே வழியில் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு கைப்பிடி சுள்ளி கொண்டுவராதவன் வரிசையில் கடைசி என்று எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது.

இந்தக் கணக்கையெல்லாம் தினமும் தலையில் சுமந்தவர்கள் அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும். நாங்கள் அமைப்பாளரை ‘சத்துணவு டீச்சர்’ என்போம், மற்ற இருவரையும் ‘ஆயா’ என்போம். மாநிலம் முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த வேலை கிடைத்தது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் இதில் ஏராளம். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் எங்கள் ஆயா மாதத்துக்கு ஒருநாள் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிய முதல் பெண், அந்தத் தெருவில். வடிகஞ்சியைத் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்கு ஊற்றுவார். அதையும் ஊழல் என்று பேசியவர்கள் உண்டு. பேசட்டும்.

கீற்றுக் கொட்டகை பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையலறையில் பற்றிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. மதியச் சாப்பாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கின. என் பழைய பள்ளியின் கொட்டகையும் அந்த ஆண்டுதான் பிரிக்கப்பட்டது. நாங்கள் எல்லாரும் அதன் கீழேதான் இருபது வருடம் சாப்பிட்டிருந்தோம்.

முட்டைக்கு முன், முட்டைக்குப் பின்

முட்டை 1989இல் வந்தது. கலைஞர் ஆட்சி; இரண்டு வாரத்துக்கு ஒன்று. அப்போது நான் எட்டாம் வகுப்பு. முட்டை போடும் நாளில் வீட்டுச் சோறு கொண்டுவருகிறவர்களும் சத்துணவுக்குப் பெயர் கொடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் தட்டுச் சத்தத்துக்கு யாரும் கூச்சப்படவில்லை. பலர் அதைத் தின்னவில்லை. கால்சட்டைப் பையில் போட்டு வீட்டிலிருக்கும் தம்பிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஓடி விளையாடி, நசுங்கி, பை முழுக்க மஞ்சள் கருவாகி அடி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

1998இல் வாரம் ஒன்று, 2006இல் வாரம் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாளெல்லாம் ஒன்று. இந்த எண்ணிக்கை ஏறியதற்குத் தேர்தல் மட்டும் காரணமில்லை. நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் பெருகி, முட்டை கேட்டால் கேட்ட அளவுக்குக் கிடைக்கும் நிலை வந்திருந்தது. அரசு நிரந்தர வாடிக்கையாளராக இருப்பது பண்ணைக்காரர்களுக்கும் நல்லதாகப் போயிற்று. முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். வேறு சில மாநிலங்களில் பள்ளியில் முட்டை போடலாமா கூடாதா என்று இன்றும் சண்டை நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிகளில் முட்டை போடும் திட்டத்தை முதலமைச்சரே மறுத்தார். இங்கே அந்தச் சண்டை வரவில்லை. ஒரு கட்சி கொடுத்ததை அடுத்த கட்சி நிறுத்த முடியாது, கூட்டத்தான் முடியும் என்பது இந்தத் திட்டத்தில் எழுதாத விதி. உப்புமாவிலிருந்து முட்டை வரை வந்ததற்கு, ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கட்சிகளின் போட்டியை விடப் பெரிய உந்துதல் எதையும் எனக்குத் தெரிந்து சொல்ல முடியவில்லை.

நாட்டின் மற்ற இடங்களுக்கு இது மெதுவாகப் போனது. மத்திய அரசு மதிய உணவுத் திட்டத்தை 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோது பல மாநிலங்களில் மாதம் மூன்று கிலோ தானியத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பையில் போன தானியம் குடும்பம் முழுவதற்கும் பங்காகிவிடும். பிள்ளையின் வயிற்றுக்கு எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது. சமைத்த சோறாகவே கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று உத்தரவிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. இதனால் என்ன பலன் என்பதற்கு 2021இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்த விடையைச் சொல்கிறது: சிறுமியாக இருந்தபோது பள்ளியில் சாப்பிட்ட பெண்கள் பிற்பாடு பெற்ற குழந்தைகளிடம், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குறை குறைவாக இருந்தது. சாப்பிட்டவள் ஒருத்தி, வளர்ந்தது அவள் பிள்ளை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “உப்புமாவுக்கும் சேத்தா?” என்றார். அந்த ஆய்வில் உப்புமாக் காலம் வரவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2013இல் ஜெயலலிதா ஆட்சியில் வந்த கலவைச் சாதம் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. ஒருநாள் கொண்டைக்கடலைப் புலாவ், ஒருநாள் புளிச்சாதம், ஒருநாள் கீரைச் சாதம், மிளகு போட்ட முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று பதின்மூன்று வகை. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், “எலுமிச்சைச் சாதம் போட்டா மட்டும் சாப்பிட மாட்டோம் மாமா” என்று சலித்துக்கொண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. வேண்டாம் என்று சொல்கிற உரிமை எங்களுக்கு இல்லாமல் இருந்தது.

கோடு

தட்டுச் சத்தத்தை ஏன் மறைத்தேன் என்பதற்கு வருகிறேன். சட்டப்படி சத்துணவு எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. யாரையும் ஏழை என்று முத்திரை குத்தச் சொல்லும் விதி இல்லை. ஆனால் வீட்டில் வசதியிருந்தவர்கள் பெயர் கொடுக்கவில்லை. கொடுக்காததாலேயே, கொடுத்தவர்கள் யார் என்பது பளிச்சென்று தெரிந்தது. மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வேப்பமரத்தடிக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறக்கும். மறு பாதி குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்கும். சண்டை வந்தால் “போடா சத்துணவு” என்பது வாயில் முதலில் வரும் வசவு. ஆறாம் வகுப்புக்கு மேல் வசவு வேண்டியதில்லை, பார்வையே போதும். அந்த வயதில் பசித்தும் பெயரை அடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள்.

அந்தக் கோட்டுக்குள் இன்னொரு கோடும் இருந்தது. வசதியில்லாத வீட்டிலிருந்தும் சில பிள்ளைகள் பழைய சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஆயா எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதே காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். “அவனுக்குப் பள்ளிக்கூடச் சோறு ஒத்துக்காது” என்பார்கள். சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இப்படிப்பட்ட ‘ஒத்துக்காத’ வயிறுகளை மனத்தில் வைத்துத்தான். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிப் பக்கம் அருந்ததியர் சமூகத்துச் சமையலர் ஒருவர் சமைக்கக்கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

2022 செப்டம்பரில் மதுரையில் ஸ்டாலின் தொடங்கி வைத்த காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் வந்தது; 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர், அந்தப் பள்ளியிலேயே தங்கள் பிள்ளை படிக்கும் தாய்மார்கள். விரிந்த சில நாட்களிலேயே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று புகார் எழுந்தது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் போய் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராசர் தொடங்கி வைத்த அதே எட்டயபுரத்துப் பக்கம். நடுவில் அறுபத்தேழு ஆண்டுகள்.

ஆனால் காலை உணவு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறது. எட்டு மணிக்கு எந்தத் தாய்க்கும் டிபன் பாக்ஸ் கட்ட நேரமில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கும் இல்லை, மில் வேலைக்குப் போகிறவருக்கும் இல்லை. அதனால் வேப்பமரத்தடிக் கூட்டம் என்று தனியாக ஒன்று உருவாக வழி குறைவு. எங்கள் ஊர்ப் பள்ளியில் காலையில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். மத்தியானம் மறுபடி பிரிகிறார்கள்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறுமி, மூன்றாம் வகுப்பு, அம்மாவிடம் உட்கார்ந்து வாரப் பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். உப்புமா என்றதும் அம்மா நிமிர்ந்தார்.

“மஞ்சளா இருக்குமா தாயி?”

“இல்ல ஆச்சி, வெள்ளையா இருக்கும். சாம்பார் ஊத்துவாக.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“தட்டு வீட்ல இருந்து கொண்டு போகணுமா?”

“எதுக்கு? பள்ளிக்கூடத்துலயே இருக்கே” என்று சொல்லிவிட்டு அவள் விளையாட ஓடினாள். முதுகில் பை குலுங்கியது. உள்ளே என்ன இருந்ததோ, சத்தம் கேட்கவில்லை.